கேலரி வேண்டுமா, மைதானம் வேண்டுமா?

எங்கள் ஊர் மைதானத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒரு மாதம் இரவு செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி நடந்தது. கேலரி கட்டுவதற்காகக் கமுகு மரங்களை இரண்டு முழ ஆழத்துக்கு ஊன்றினார்கள். இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளே மரங்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழிகளை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

இப்போது அதைவிடப் பெரிய போட்டி ஒன்றை எங்கள் சங்கம் ஏற்று நடத்தலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது. ஊர், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். சங்கத்தின் கணக்கு நோட்டு பத்து ஆண்டுகளாக என்னிடம்தான். பகலில் தேங்காய் மண்டியிலும் எனக்குக் கணக்கு வேலைதான் என்பதால், பொதுக்குழுவுக்கு முன்பு எல்லா வழிகளையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை.

செயலாளர் சொல்வது முதல் வழி: பெரிய போட்டியை எடுத்துவிடுவோம். ஒரு மாதம், மலப்புறத்து அணிகள், ஐயாயிரம் பேர் உட்காரும் தற்காலிகக் கேலரி. வார்டு மெம்பர் சொல்வது இரண்டாவது வழி: தற்காலிகம் எதற்கு, நிதி கேட்டு நிரந்தரமாக ஒரு ஸ்டேடியமே கட்டிவிடலாம், அப்புறம் போட்டிகள் தாமாக வரும். மூன்றாவது, அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் பாதிக் குரலில் சொன்னது: குழிகளை மூடி, தரையைச் சமன்படுத்தி, நாலு விளக்குக் கம்பம் போட்டுக் கொடுங்கள். அன்று கூட்டத்தில் அவர் பேசும்போதுதான் டீ வந்தது. அதனால் பாதிப் பேர் காதில் அது விழவில்லை.

செயலாளரின் வாதத்தில் கனமான பகுதி 'ஊருக்கு வருமானம்' என்பது. போன போட்டியின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வரவுப் பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கிறது: டிக்கெட், விளம்பரத் தட்டி, கடை ஏலம், நன்கொடை. செலவுப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பணம் எந்த ஊருக்குப் போனது என்று இந்த வாரம் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். கேலரி வாடகை மலப்புறம். விளக்கும் ஜெனரேட்டரும் பாலக்காடு. அணிகளுக்குக் கொடுத்த மேட்ச் பணம் பெரும்பாலும் மலப்புறமும் கோழிக்கோடும். மைக் செட் ஒன்றுதான் உள்ளூர். கடை ஏலத்தை மொத்தமாக எடுத்தவர் வெளியூர் ஒப்பந்தக்காரர். புரோட்டாக் கல்லையும் மாஸ்டரையும் அவரே கூட்டி வந்தார். ஊர்ப்பெயர் பனியனில் இருந்தது, பணம் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

மைதான வாசலில் அவித்த கடலை விற்கும் அக்காவிடம் கேட்டேன். அந்த மாதம் அவருக்கு நல்ல வியாபாரம். "ஆனால் தம்பி, அடுத்த மாதம் ஒருவரும் கடலை வாங்கவில்லை. கையில் இருந்ததை எல்லாம் டிக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டார்கள்" என்றார். பொருளாதாரப் பேராசிரியர்கள் பல பக்கம் எழுதுவது இதைத்தான். ஊர்க்காரர் சட்டைப்பையிலிருந்து ஊர்க்காரர் கல்லாவுக்குப் போகும் பணத்தால் ஊர் வளர்வதில்லை. சினிமாவுக்கும் பிரியாணிக்கும் போயிருக்கக்கூடிய ரூபாய் பந்துக்குப் போகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்து, இங்கே செலவாகி, இங்கேயே தங்கும் பணம் மட்டுமே புதுப் பணம். பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் பைக்கில் வந்த இளைஞர்கள் டிக்கெட் வாங்கினார்கள், முட்டை போண்டா தின்றார்கள், இரவோடு இரவாகத் திரும்பிப் போனார்கள். தங்குவதற்கு இங்கே லாட்ஜும் கிடையாது.

வருகிறவர்களைக் கணக்கில் எழுதும்போது வராமல் போகிறவர்களையும் எழுத வேண்டும். 2012 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. அந்த மாதம் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டினர் எண்ணிக்கை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. கூட்டம் நெரியும், ஹோட்டல் விலை ஏறும் என்று வழக்கமான சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எங்களுக்கும் அது நடந்தது. போட்டி நடந்த மாதம் மாலை வேளையில் சாலை அடைபட்டதால் தேங்காய் லாரிகள் எங்கள் மண்டியை விட்டுவிட்டு வேறு வழியாகப் போயின. அந்த நஷ்டம் சங்கத்தின் நோட்டில் இல்லை. மண்டி நோட்டில் இருக்கிறது.

செயலாளர் பக்கத்துக்கு நியாயம் செய்ய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். டிக்கெட்டுக்கான கேளிக்கை வரி நேரே பஞ்சாயத்துக்குப் போகிறது. அது உண்மையான வரவு. மீதியிலிருந்து இரண்டு குடும்பங்களுக்கு டயாலிசிஸ் செலவுக்குக் கொடுத்தோம். செவன்ஸ் நடத்தும் ஊர்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. டிக்கெட் வாங்காமல் வெறுமனே உண்டியல் வைத்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது.

இனி பெரிய ஊர்களின் கதைக்கு வருகிறேன். நம் கேலரிக்கும் ஒலிம்பிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று செயலாளர் சிரிப்பார். கணக்கில் பூஜ்யங்கள்தான் கூடுதல், ஏமாறும் விதம் ஒன்றேதான்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1976இல் ஒலிம்பிக் நடத்தியது. 'ஆண்பிள்ளை பிள்ளை பெற்றாலும் பெறுவான், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது' என்கிற பொருளில் அந்த நகரத்து மேயர் ழான் டிராப்போ பேசியது இன்றுவரை எடுத்துச் சொல்லப்படுகிறது. போட்டி தொடங்கிய நாளில் அரங்கத்தின் கோபுரம் பாதியில் நின்றிருந்தது. கடனை அடைக்க கியூபெக் மாகாணம் சிகரெட்டுக்குத் தனி வரி போட்டது. அரங்கக் கடன் தீர்ந்தது 2006இல்தான். முப்பது ஆண்டுகள்! திறப்பு விழாவைத் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தை வளர்ந்து, சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அந்த வரியையும் கட்டியிருக்கும்.

எட்டு ஆண்டு கழித்து 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நடத்தியது. 20 கோடி டாலருக்கும் மேல் மிச்சம். மாண்ட்ரியலைப் பார்த்துப் பயந்த நகரங்கள் ஒதுங்கிவிட்டதால் அந்த முறை போட்டியை ஏற்க வேறு ஆளே இல்லை. அதனால் ஒலிம்பிக் கமிட்டியிடம் தன் நிபந்தனைகளை லாஸ் ஏஞ்சலஸ் சொல்ல முடிந்தது. முக்கிய அரங்கம் 1932 ஒலிம்பிக்குக்கே பயன்பட்ட பழைய கொலீசியம். இருந்ததைத் துடைத்து வர்ணம் பூசிக்கொண்டார்கள். ஏலத்தில் பத்துப் பேர் கை தூக்கினால் விலை எங்கே போகும், ஒருவர் மட்டும் நின்றால் எங்கே நிற்கும் என்பது தேங்காய் மண்டியில் வேலை செய்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் நான்கு ஊர்கள் இந்தப் போட்டிக்குப் போட்டியிடுகின்றன என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

போட்டி நடத்தி உருப்பட்ட ஊர் என்றால் எல்லோரும் சொல்வது பார்சிலோனா, 1992. கடற்கரையை மறைத்துக்கொண்டிருந்த பழைய தொழிற்சாலைப் பகுதியைத் திறந்துவிட்டார்கள், நகரைச் சுற்றிச் சாலை போட்டார்கள், துறைமுகப் பக்கத்தைப் புதுப்பித்தார்கள். ஆனால் அந்த நகரத்தின் பெருந்திட்டம் 1976லேயே தயாராக இருந்தது. போட்டி கிடைத்தது 1986இல். என்ன வேண்டும் என்று பத்து ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்த ஊர், அதைச் செய்து முடிக்க ஒரு கெடு தேதியாக ஒலிம்பிக்கைப் பயன்படுத்திக்கொண்டது. கல்யாணம் வைத்தால்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்போம் என்பவர்கள் உண்டு. வெள்ளையடிக்கலாம், ஆனால் வீடு முன்பே இருக்க வேண்டும்.

ஏதென்ஸ் 2004இல் பாதி பாதியாக ஆயிற்று. மெட்ரோவும் புது விமான நிலையமும் இன்றும் மக்களுக்கு உதவுகின்றன. பழைய விமான நிலைய நிலத்தில் கட்டிய சாஃப்ட்பால் திடலும் படகோட்ட வாய்க்காலும் புல் மண்டிப் போயின. சாஃப்ட்பால் என்ற விளையாட்டை அந்த நாட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கட்டுவதற்கு முன்பு ஒருவர் கேட்டிருந்தால் போதும். பிரேசில் 2014 உலகக் கோப்பைக்காக அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அரங்கம் கட்டியது. உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள். அதன் பிறகு அதை நிரப்ப உள்ளூர் அணிகளால் முடியவில்லை. பக்கத்தில் இலங்கையின் அம்பாந்தோட்டையைப் பாருங்கள்: 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு 35,000 பேர் அமரும் அரங்கம், கூடவே 2018 காமன்வெல்த் போட்டிக்கு விண்ணப்பம். போட்டி ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டுக்குப் போயிற்று. அரங்கம் புதர்க் காட்டு நடுவே அங்கேயே நிற்கிறது.

1960க்குப் பிறகு நடந்த ஒலிம்பிக்குகளின் கணக்கை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, போட்ட பட்ஜெட்டுக்குள் முடிந்தது ஒன்றும் இல்லை. காரணம் ஊழல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீடு கட்டும்போது கம்பி விலை ஏறினால் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கலாம். போட்டித் தேதியை நிறுத்தி வைக்க முடியாது. கடைசி மாதத்தில் ஒப்பந்தக்காரர் என்ன கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது முக்கிய அரங்கத்துப் பக்கத்தில் நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். அவசரத்தில் எவ்வளவு கூடுதல் விலைக்கு என்னென்ன வாங்கினார்கள் என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை பிட்டுப் பிட்டு வைத்தது. அந்தப் போட்டியின் தலைமை அமைப்பாளரே அந்த ஆண்டில் கைதானார். இதே நாட்டில்தான் 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே 1,32,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கம் முன்பே இருக்கிறது. மற்ற விளையாட்டுகளுக்கு எத்தனை புதிதாகக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது லாஸ் ஏஞ்சலஸா மாண்ட்ரியலா என்று தெரியும்.

மெம்பரின் ஸ்டேடியம் யோசனைக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை; திருவனந்தபுரம் போதும். 2015இல் கேரளம் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டியை ஏழு மாவட்டங்களில் நடத்தியது. காரியவட்டத்தில் ஐம்பதாயிரம் பேர் அமரும் கிரீன்ஃபீல்டு அரங்கத்தில் தொடக்க விழா நடந்தது. அரங்கம் அழகானது, மறுக்கவில்லை. 2017 நவம்பரில் அங்கே நடந்த முதல் சர்வதேச டி20, மழையால் எட்டு ஓவராகச் சுருங்கியும் கூட்டம் அலைமோதியது. 2023 ஜனவரி 15இல் இலங்கையை இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றது. ரன் கணக்கில், அன்றுவரை ஒருநாள் போட்டி வரலாற்றிலேயே பெரிய வெற்றி, கோலி 166. அதைப் பார்க்க அரங்கத்தில் பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை. டிக்கெட் மீதான கேளிக்கை வரியை ஒட்டி எழுந்த சர்ச்சையும் அதற்கு ஒரு காரணம். இந்திய அணி ஆடும் நாளிலேயே இப்படி என்றால், மற்ற முந்நூற்றுச் சொச்ச நாட்களை எண்ணிப் பாருங்கள்.

கொச்சியில் 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது. பிரேசிலும் ஸ்பெயினும் கலூர் அரங்கத்தில் மோதின. பாதுகாப்பு விதிப்படி 29,000 பேரை மட்டுமே உள்ளே விட்டார்கள். அந்த அரங்கத்துக் கேலரிக்கு அடியில் வரிசையாகக் கடைகள். போட்டிக்காக அவற்றைக் காலி செய்யச் சொன்னபோது விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. போட்டியால் வியாபாரம் பெருகும் என்பார்கள். போட்டிக்காகவே கடையைப் பூட்டியவர்கள் இவர்கள். அதே அரங்கத்தில் 2025 நவம்பரில் மெஸ்ஸியின் அர்ஜென்டினா அணி ஆடும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் ஊரில்கூட நீலமும் வெள்ளையுமாகத் தோரணம் கட்டினார்கள். அரங்கத்தில் புதுப்பிப்பு வேலை தொடங்கிவிட்டது. அக்டோபரில், நவம்பர் வருகை இல்லை என்று செய்தி வந்தது. வருவதாகச் சொன்ன விருந்தாளிக்காகக் கூரையைப் பிரித்தவனின் நிலைமைதான்.

எங்கள் பக்கம் ஸ்டேடியம் என்றால் இன்னொரு செலவு உண்டு. தண்ணீர். எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதி. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும். அது வந்ததா, குறைந்ததா என்பதே இங்கே மாசி, பங்குனியில் டீக்கடைப் பேச்சு. போன போட்டியின்போது புழுதி அடங்க மாலைதோறும் மைதானத்தில் டாங்கர் லாரித் தண்ணீர் தெளித்தார்கள். அதே நேரத்தில் மேற்குத் தெருவில் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, குடிநீர் லாரி எப்போது வரும் என்று நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் சித்தி. "மண்ணுக்கு வரும் தண்ணீர் மனுஷருக்கு வராதா, ராஜா?" என்று கேட்டார். பொருளாளர் என்ற முறையில் அந்த டாங்கர் ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை. இயற்கைப் புல் போட்டால் இந்தத் தெளிப்பு ஆண்டு முழுவதும் வேண்டும். செயற்கைப் புல் போட்டால் தண்ணீர் மிச்சம். ஆனால் சில ஆண்டுகளில் தேய்ந்து போகும், அப்போது மாற்றும் பணத்தை எந்த மெம்பரும் இப்போதே எழுதிக் கொடுக்க மாட்டார். கட்டடத்துக்கு நிதி ஒதுக்கினால் கல்வெட்டில் பெயர் வரும். பராமரிப்புக்கு ஒதுக்கினால் எதிலும் வராது. ஸ்டேடியங்கள் ஏன் கட்டப்படுகின்றன, ஏன் பாழாகின்றன என்ற இரண்டு கேள்விக்கும் விடை இதுவே என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் தற்காலிகக் கேலரிதானே மேல் என்று செயலாளர் சொல்லக்கூடும். ஒரு பக்கம் சரிதான். 2022 உலகக் கோப்பைக்கு கத்தார் 974 கப்பல் பெட்டிகளை அடுக்கி, கழற்றி எடுத்துவிடக்கூடிய அரங்கம் ஒன்று கட்டியபோது உலகமே வியந்தது. மலபார்க்காரர்கள் அதைக் கமுகிலும் மூங்கிலிலும் நெடுங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், யாரும் வியக்கவில்லை. ஆனால் கமுகு முறியும். 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்து இறந்த பாலக்காட்டு வீரர் தனராஜனின் குடும்பத்துக்கு நிதி திரட்ட, அடுத்த மாதமே பாலக்காடு நூறணியில் ஓர் ஆட்டம் ஏற்பாடானது. இந்திய அணியின் முன்னாள் வீரர்கள் ஐ.எம். விஜயனும் பைச்சுங் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே கேலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்ஙோட்டில் கேலரி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். போன போட்டியில் எங்கள் கேலரியை எந்தப் பொறியாளரும் பார்க்கவில்லை. தலைமை மேஸ்திரி மேலே ஏறி இரண்டு முறை குதித்துக் காட்டினார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இவ்வளவு எழுதிய பிறகு, அந்த மாதம் எனக்குப் பிடிக்கவில்லை என்று யாராவது நினைத்தால் தவறு. அந்த முப்பது இரவுகளைப் போல இந்த ஊர் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. கானாவிலிருந்து வந்த முன்கள வீரர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மா பிழிந்த சந்தகையைத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டார். இங்கே ஆப்பிரிக்க வீரர் யாராக இருந்தாலும் 'சுடானி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன் நாட்டின் பெயரை மூன்று முறை பொறுமையாகச் சொன்னார், அம்மாவுக்கு மட்டும் சரியாகப் பிடிபட்டது. சித்தூரில் ஆண்டுதோறும் கொங்கன்படை கொண்டாடுகிறார்கள். கொங்குப் படையைத் தோற்கடித்த திருவிழா. கொங்கிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அங்கே போய்த் தோற்றதையும் வேடிக்கை பார்த்து, வளையலும் விற்றுவிட்டு வருகிறார்கள். கூட்டம் என்றால் அதில் இருப்பதே ஒரு சுகம். பெரிய போட்டி நடத்திய நகரங்களில் மக்கள் இதைத்தான் உண்மையில் அடைகிறார்கள் என்று நினைக்கிறேன்: லாபத்தை அல்ல, சில வாரத்து உற்சாகத்தை. சந்தோஷத்துக்காகச் செலவு செய்வது குற்றமில்லை. தேர்த் திருவிழாவை யாரும் முதலீடு என்று சொல்லி வசூல் செய்வதில்லையே. சந்தோஷத்தைக் காட்டி முதலீடு என்று ரசீது போடுவதுதான் என் போன்ற கணக்கனுக்கு உறுத்துகிறது.

அதற்கும் மலிவான வழி உண்டு. 2022இல் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாடைத் தமிழ்நாடு சில மாத அவகாசத்தில் மாமல்லபுரத்தில் நடத்தியது. ஸ்டேடியம் ஒன்றும் எழுப்பவில்லை. மேசையும் காயும் போட ஹோட்டல் வளாகம் போதுமாக இருந்தது. சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக வர்ணம் பூசினார்கள். ஊருக்கு ஏற்ற அளவில் எடுத்துக்கொண்டால் கை கடிக்காது.

பக்கத்து ஊர் நடத்தட்டும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு நான்காவது வழியை என் மைத்துனர் சொன்னார். கணக்குப்படி அதுதான் மிக லாபமானது. ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் பொதுக்குழுவிலிருந்து முழுசாக வெளியே வர முடியாது.

ஆசிரியரின் மூன்றாவது வழிக்கு வருகிறேன். 'ஒரு பஞ்சாயத்து, ஒரு களிக்களம்' என்று கேரள அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. மைதானம் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய். பாதியை விளையாட்டுத் துறை தரும், மீதியை எம்எல்ஏ நிதியிலிருந்தும் பஞ்சாயத்திலிருந்தும் திரட்ட வேண்டும். எங்கள் மைதானத்துக்கு ஒரு கோடி தேவையா என்றே எனக்குச் சந்தேகம். செம்மண், ரோலர், மழைநீர் வடிய ஒரு பக்கம் சரிவு, வேலி, விளக்கு, ஒரு கழிப்பறை. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஓடிப் பழகும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர் ஏழு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர்தான் காரணத்தைச் சொன்னார்.

இதன் குறை என்னவென்று பார்த்தால், பந்தா இல்லை. சமன் செய்த மண்ணைத் திறந்து வைக்க மந்திரி வர மாட்டார். போஸ்டரில் போட ஒன்றும் இராது. ஆனால் முந்நூறு மாலைகள் அங்கே யாராவது ஆடுவார்கள். வெளியூரிலிருந்து ஒரு ரூபாயும் வராது, வெளியூருக்கு ஒரு ரூபாயும் போகாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. அதற்குப் பிறகு, பங்குனியில் பத்து நாள் போட்டி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்பதும் என் கருத்தில் சேரும். உள்ளூர் அணிகள், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பத்து அணி, தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம். கேலரி இல்லை என்றால் விழுவதற்கும் ஒன்றுமில்லை.

பொதுக்குழு பெரிய போட்டிதான் என்று முடிவெடுத்தால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு சிலவற்றை எழுத்தில் கேட்பேன். கேலரியைப் பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும், மேஸ்திரி குதித்துக் காட்டுவது போதாது. மைதானத்துக்குத் தெளிக்கும் லாரி குடிநீர் லாரியாக இருக்கக் கூடாது. கடைகளில் பாதி ஊர்க்காரர்களுக்கு, அதில் முதல் இடம் கடலை அக்காவுக்கு. மரம் பிடுங்கிய குழிகளை மூடும்வரை கேலரிக்காரரின் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்குப் பதிலாகச் சீட்டு எழுதிப் போடச் சொல்ல வேண்டும். செயலாளர் முகத்துக்கு நேரே கை தூக்காமல் இருக்க இங்கே பலருக்குக் கூச்சம். 1972இல் அமெரிக்காவின் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு, டென்வருக்குக் கிடைத்திருந்த 1976 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பணம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்குக்குப் போனது. டென்வர் ஒன்றும் அழிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றுக்கொண்ட பிறகு, செலவு ஏறுவதைக் கண்டு 2023 ஜூலையில் கைவிட்டது. அதற்கு 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் போட்டியைப் பிறகு கிளாஸ்கோ பத்தே விளையாட்டுகளாகச் சுருக்கி எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் அதற்குக் காசு ஆகாது. கேலரிக்காரர் முன்பணம் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். "கூட்டம் முடியட்டும் அண்ணா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பள்ளித் தாழ்வாரத்தில். எந்த முடிவானாலும் எத்தனை வண்டி மண் வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று, ஏழாம் வகுப்புப் பையன்களிடம் குழிகளை எண்ணச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சி நட்டுக்கொண்டே போகிறார்கள். நேற்று இருட்டும்வரை நூற்றுப் பதினொன்று. தெற்குப் பக்கம் இன்னும் பாக்கி.